துலாம்பென் லிபர்ட்டி கப்பல்: முதல் முறை டைவ் செய்ய எப்படித் திட்டமிடுவது?

நீலத்திரை:

வணக்கம். பாலித் தீவின் வடகிழக்குக் கரையில், துலாம்பென் கிராமத்துக்கு எதிரே மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி கப்பலில் டைவ் செய்ய நானும் மனைவியும் போகிறோம். இரண்டு பேரிடமும் அட்வான்ஸ்டு ஓபன் வாட்டர் சான்றிதழ் இருக்கிறது, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) பயிற்சி இல்லை. பவளப்பாறைகளில்தான் பழக்கம், அதுவும் எல்லாமே படகிலிருந்து இறங்கியவை. மூழ்கிய கப்பல் இதுதான் முதல்.

தேடிப் பார்த்தால் "5 மீட்டரிலேயே தொடங்கிவிடும், ரொம்ப ஈசி" என்றுதான் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆழமான பகுதி 30 மீட்டரைத் தொடும் என்கிறார்கள் சிலர். அப்படியானால் எந்த வரிசையில் சுற்றிப் பார்ப்பது? உள்ளே நுழையலாமா? கரையிலிருந்து நடந்து இறங்குவதில் என்ன கவனிக்க வேண்டும்?

திட்டம் இதுதான்: ஒரே நாளில் மூன்று டைவ், கடைசி டைவ் மதியம் 3 மணி வாக்கில் முடியும். அன்றிரவே கிந்தாமணி போய், விடியற்காலையில் பத்தூர் மலை ஏறிவிட்டு உபுத் போகிறோம்.

---

கடற்பஞ்சு:

ஈசி என்பது பாதிதான் உண்மை. இறங்குவதும் சுற்றுவதும் எளிது. ஆனால் 5 மீட்டரும் 28 மீட்டரும் ஒரே கப்பலில் இருப்பதால், யோசிக்காமல் மேலும் கீழும் போய்வருவதும் அதே அளவுக்கு எளிது. இங்கே டைவ் கெடுவது பெரும்பாலும் அப்படித்தான்.

கப்பல் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று தெரிந்தால் திட்டமிடுவது சுலபம். 1918-ல் கட்டிய, சுமார் 125 மீட்டர் நீளமுள்ள அமெரிக்கச் சரக்குக் கப்பல் இது. (இரண்டாம் உலகப் போரில் நூற்றுக்கணக்கில் கட்டப்பட்ட "லிபர்ட்டி" வகைக் கப்பல்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தக் கப்பலின் பெயரே லிபர்ட்டி.) ரயில் உதிரிப்பாகங்களும் ரப்பரும் ஏற்றிக்கொண்டு போனபோது, 1942 ஜனவரி 11 அன்று பக்கத்துத் தீவான லொம்பொக் அருகே ஐ-166 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ தாக்கியது. பால் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலும் வான் கென்ட் என்ற டச்சுப் போர்க்கப்பலும் சேர்ந்து சிங்கராஜா துறைமுகத்தை நோக்கி இழுத்துப் போயின. தண்ணீர் ஏறிக்கொண்டே போனதால் வழியில் துலாம்பென் கரையில் தரைதட்ட வைத்தார்கள். 1963-ல் ஆகுங் எரிமலை வெடித்தபோதுதான் அது கரையிலிருந்து நழுவிக் கடலுக்குள் சரிந்தது. இடைப்பட்ட 21 ஆண்டுகளும் கரையில் கிடந்ததால் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி எடுத்துவிட்டார்கள். பிறகு சரிந்ததில் உடலும் உடைந்தது. அதனால்தான் மூடிய அறைகள் குறைவு, பெரிய பெரிய திறப்புகள் அதிகம்.

இப்போது கரும் எரிமலை மணல் சரிவில், ஏறக்குறைய கரைக்கு இணையாக, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. கரைப்பக்க விளிம்பு 5 மீட்டர் அளவில், கடல்பக்க அடி 28 முதல் 30 மீட்டர் வரை.

வரிசை: கப்பலைத் தொடாமல் ஒரு முனையைச் சுற்றி மணல் சரிவோடு இறங்கி, நேராகக் கடல்பக்க அடிக்குப் போங்கள். முதல் டைவில் 25 மீட்டர் போதும். அங்கே 10 முதல் 12 நிமிடம். பிறகு கப்பலின் நீளவாக்கில் ஒரு முறை போய், 4-5 மீட்டர் ஏறி, திரும்பி வாருங்கள். இப்படி ஒவ்வொரு திருப்பத்திலும் உயரம் கூட வேண்டும், ஒரு தடவை ஏறிய பிறகு திரும்ப இறங்கக் கூடாது. கப்பலில் இருக்கும் பீரங்கியைப் பார்க்க மறந்துவிட்டோம் என்றால் அடுத்த டைவில் பார்த்துக்கொள்ளலாம்.

சாதாரணக் காற்றில், PADI என்ற டைவ் பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி முதல் டைவுக்கு நிறுத்தமில்லா வரம்பு (வழியில் கட்டாயமாக நிற்காமல் மேலே வர, அதிகபட்சம் அடியில் இருக்கக்கூடிய நேரம்) 25 மீட்டரில் 29 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம். கையில் கட்டும் டைவ் கணினி இதைவிடச் சற்றுக் கறாராகக் காட்டலாம், அதையே பின்பற்றுங்கள். இரண்டு பேருக்கும் தனித்தனிக் கணினி வேண்டும். நைட்ராக்ஸ் வகுப்பை அங்கேயே முடித்துக்கொள்ள முடிந்தால் முடித்துவிடுங்கள்: 32 சதவீதக் கலவையில் 30 மீட்டர் என்பது, நைட்ரஜன் கணக்கில் காற்றில் சுமார் 24.5 மீட்டருக்குச் சமம். 1.4 பார் ஆக்சிஜன் அழுத்தத்துக்கு அதன் ஆழ எல்லை 33 மீட்டர், ஆகவே இந்தக் கப்பல் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

கடைசி 15 நிமிடத்தை 8 மீட்டருக்கு மேலே உள்ள பகுதிக்கு ஒதுக்குங்கள். பாதுகாப்பு நிறுத்தம் (மேலே வரும் முன் 5 மீட்டர் அளவில் மூன்று நிமிடம் நிற்பது) கப்பலின் மேல் விளிம்பிலேயே முடிந்துவிடும். வெறும் நீரில் கயிற்றைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை, பவளமும் மீனும் கண்ணெதிரே இருக்கும்.

நேரமும் முக்கியம். தெற்குப் பாலியிலிருந்து வண்டிகள் வந்து சேர்ந்த பிறகு, காலை 9 மணிக்கு மேல் கூட்டம் கூடிவிடும். விடியும்போதே இறங்கினால் கப்பலுக்குள் இரவு தங்கும் புடைத்த தலைக் கிளிமீன்கள் கூட்டமாக வெளியே கிளம்புவதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம் வரை இருக்கும். துரத்தாமல், மணலோடு ஒட்டி அசையாமல் நின்றால் அவை பக்கத்திலேயே கடந்து போகும்.

---

வாரிதி:

கரையிறக்கம் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் துலாம்பெனில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் இடுப்பளவு தண்ணீரில்தான் அடிபடுகிறார்கள்.

கரை மணல் கிடையாது. முஷ்டி அளவிலிருந்து தலை அளவு வரை உருண்டைக் கற்கள், காலடியில் புரளும். மெல்லிய நியோப்ரீன் சாக்ஸ் உதவாது. கெட்டியான ரப்பர் அடி வைத்த பூட்ஸ், அதற்குப் பொருந்தும் குதிகால் பட்டை ஃபின், இரண்டும் வேண்டும். முழுப்பாதமும் மூடும் ஃபின்தான் உங்களிடம் இருக்கிறதென்றால் அங்கே வாடகைக்கு எடுங்கள். டேங்கைத் தூக்கிக்கொண்டு அந்தக் கல்லில் நடக்க வேண்டாம்; கிராமத்துச் சுமைக்காரர்கள், பெரும்பாலும் பெண்கள், தலையில் வைத்துத் தண்ணீர் விளிம்பு வரை கொண்டுவந்து தருவார்கள்.

இறங்கும் முன் ஐந்து நிமிடம் அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் மூன்று நான்காகச் சேர்ந்து வரும், நடுவே ஒரு இடைவெளி கிடைக்கும். பிசிடியில் (காற்றடைத்து மிதக்க உதவும் மேலங்கியில்) காற்று பாதிக்கு மேல், மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில், ஃபின் கையில். இந்த நிலையில் பக்கவாட்டாக, முழங்காலை லேசாக மடக்கி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி நடங்கள். காலை உயர்த்தி வைக்காமல் கல் மேல் தேய்த்து நகர்த்துங்கள். மார்பளவு வந்ததும் நின்றுகொண்டு ஃபின் மாட்ட முயல வேண்டாம். அலை உடையும் இடத்தைத் தாண்டி மல்லாக்க மிதந்து, ஒருவர் மற்றவரைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொன்றாக மாட்டுங்கள்.

வெளியேறுவதுதான் கடினம், களைப்பும் சேர்ந்திருக்கும். டேங்கில் 50 பாருக்கு மேல் காற்று வைத்துக்கொண்டு கரைக்கு வாருங்கள், ரெகுலேட்டரைக் கழற்றாதீர்கள். மிதந்தபடியே ஃபினைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு, ஒரு அலை உங்களைத் தள்ளி இறக்கியதும் உடனே எழுந்து நடந்துவிடுங்கள். நிற்க முடியவில்லையா, தவழ்ந்தே வாருங்கள். கடலுக்கு முதுகு காட்டி நின்று கேமராவைச் சரிபார்க்கிறவரைத்தான் அடுத்த அலை விழத்தட்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். அலையும் கூடும், ஓடைத் தண்ணீர் கலந்து தெளிவும் குறையும். அந்த மாதங்களில் காலை இறக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

---

நீலத்திரை:

ரொம்ப நன்றி. பூட்ஸ் விஷயம் யாரும் சொல்லவே இல்லை. எங்களுக்குக் காற்று சற்று வேகமாகக் குறையும். "100-ல் திரும்பு, 50-ல் மேலே வா" என்று கற்றுக்கொண்டோம், அது போதுமா? உள்ளே நுழைவது பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

சுக்கான்:

போதாது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

வழக்கமான அலுமினியம் டேங்கின் கொள்ளளவு 11.1 லிட்டர். 25 மீட்டரில் ஒருவரின் ரெகுலேட்டர் நின்றுபோய், இருவரும் ஒரே டேங்கில் மேலே வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், இருவருக்கும் 60. நிலைமையைச் சரிசெய்ய அடியில் ஒரு நிமிடம், அங்கே அழுத்தம் 3.5 பார்: 60 × 3.5 = 210 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் வரை ஏற 2.2 நிமிடம், சராசரி அழுத்தம் 2.5 பார்: 330. மூன்று நிமிட நிறுத்தம்: 270. கடைசி 5 மீட்டருக்குச் சுமார் 75. மொத்தம் 885 லிட்டர், அதாவது 80 பார். ஆகவே 25 மீட்டரில் 80 பாரைத் தொட்டுவிட்டால் நீங்கள் ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். கடற்பஞ்சு சொன்ன வரிசைப்படி போனால், 120 பார் வரும்போது 18 மீட்டருக்கு மேலே இருப்பீர்கள். அதுதான் அந்த வரிசையின் பெரிய பலன்.

எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். நிதானமாக நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு 25 மீட்டரில் நிமிடத்துக்கு 6.3 பார், 15 மீட்டரில் 4.5 பார், 5 மீட்டரில் 2.7 பார். அடியில் 12 நிமிடம் என்றால் அங்கேயே 75 பார் போய்விடும்.

எடையும் இதோடு சேர்ந்தது. 200 பார் காற்றின் எடை ஏறத்தாழ 2.7 கிலோ. டைவ் முடியும்போது அதில் பெரும்பகுதி போய், அலுமினியம் டேங்க் மேலே தூக்கத் தொடங்கும். இங்கே டைவின் கடைசிப் பகுதி ஆழமற்ற, பவளம் நிறைந்த இடம். அங்கே மிதவை கெட்டால் கையும் ஃபினும் கப்பல் மேல் படும். ஆகவே 50 பாரில், பிசிடி காலியாக, 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, கட்டிக்கொள்ளும் ஈய எடையைத் தீர்மானியுங்கள். ஆரம்பத்தில் பார்த்தால் ஏமாறுவீர்கள்.

உள்ளே நுழைவது: மூழ்கிய கப்பலுக்குள் நுழையக் கற்றுத்தரும் சிதைவு டைவ் பயிற்சி இல்லாமல் செய்யக்கூடியது ஒன்றுதான். நுழையும் இடத்திலிருந்தே வெளியேறும் திறப்பு தெரிய வேண்டும், வழி முழுக்க இயற்கை வெளிச்சம் இருக்க வேண்டும், இருவர் ஒருவர் பின் ஒருவராகத் தாராளமாகப் போக இடம் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வெளியிலிருந்தே டார்ச் அடித்துப் பாருங்கள், மீன் அங்கேயும் தெரியும். லிபர்ட்டியில் இந்த மூன்றும் பொருந்தும் வளைவுகள் நிறைய உண்டு. இருண்ட மூலைக்குள் போக வேண்டுமென்றால் வழிகாட்டிக் கயிறு, இரண்டு டார்ச், காற்றில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் உள்ளே போகும் வழிக்கு என்ற விதி, எல்லாம் சேர்ந்த பயிற்சி முதலில்.

வளைவுக்குள் போனதும் கவனிக்க வேண்டியது மேலே. நீங்கள் விடும் குமிழிகள் கூரைத் தகட்டில் மோதி, துருச் செதில்களை உதிர்க்கும். முதல் ஆள் போகும்போது தெளிவாக இருக்கும் இடம், இரண்டாம் ஆளுக்குப் பழுப்பு மழையாக இருக்கும். நின்று படம் எடுக்காமல் ஒரே ஓட்டமாகக் கடந்துவிடுங்கள். காலை மேலும் கீழும் அடிக்காமல், முழங்காலை மடக்கித் தவளை போல் பக்கவாட்டில் உதையுங்கள். தொங்கும் ஹோஸ், கேஜ், ஆக்டோபஸ் (உபரி ரெகுலேட்டர்) எல்லாவற்றையும் உடம்போடு ஒட்டிக் கொக்கியில் மாட்டுங்கள். நூறு ஆண்டுக்கு மேல் ஆன இரும்பு, வருடா வருடம் உதிர்கிறது. பழைய படத்தில் பார்த்த வழி இன்றும் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். அங்கேயே தினமும் இறங்கும் உள்ளூர் வழிகாட்டியைக் கூட்டிச் செல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

---

வாரிதி:

சுக்கான் சொன்னதோடு ஒன்று. எதையும் பிடிக்காதீர்கள் என்பது பவளத்துக்காக மட்டும் இல்லை. அந்தத் தகடுகளில் தேள்மீன் படிந்திருந்தால் துரு நிறத்திலேயே இருக்கும், அரை மீட்டர் தூரத்தில்கூடக் கண்ணுக்குப் பிடிபடாது. சிங்கமீன்கள் நிழலில் தலைகீழாக நிற்கும். முள் குத்திவிட்டால் மேலே வந்து, குத்திய இடத்தைப் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாமல், வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வைத்திருக்க வேண்டும். சூடு விஷத்தின் வீரியத்தைக் குறைக்கும். வலியால் சூடு தெரியாமல் போகலாம், அதனால் குத்துப்படாத கையை விட்டு முதலில் சோதியுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் வெந்நீரோடு நிற்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முழுக்கை 3 மில்லிமீட்டர் சூட் போடுங்கள், இறகு போன்ற ஹைட்ராய்டுகள் என்ற கொட்டும் கடல் உயிரினங்கள் தொடை கையெல்லாம் எரிய வைக்கும். டெட்டனஸ் ஊசி கிளம்பும் முன்பே.

---

கடற்பஞ்சு:

முதல் பதிவில் உங்கள் மாலைத் திட்டத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இதை மாற்றியே ஆக வேண்டும்.

கிந்தாமணி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். பத்தூர் உச்சி 1,717 மீட்டர். டைவில் உடலில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் அழுத்தம் குறையும்போது குமிழியாகலாம். விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்கு ஒப்பானது என்றால், நீங்கள் போகிற இடம் அதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. "விமானம் ஏறவில்லையே" என்று நினைத்து இதைத் தவறவிடுகிறவர்கள் பலர். ஒரே ஒரு டைவுக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட டைவுகளுக்குப் பிறகு 18 மணி நேரம் என்ற கணக்கு, 600 மீட்டருக்கு மேல் ஏறும் எந்தப் பயணத்துக்கும் பொருந்தும், கார் ஆனாலும் சரி. மூன்றாவது டைவ் 3 மணிக்கு முடிந்தால் மறுநாள் காலை 9 மணிக்கு முன் அந்த மலைப்பாதையில் ஏறக் கூடாது. இரவே போவது நிச்சயம் கூடாது. அதன் மேல் மலையேற்றத்தின் உடல் உழைப்பும் சேர்ந்தால் குமிழி உருவாகும் வாய்ப்பு இன்னும் கூடும்.

வழி சுலபம்: வரிசையைத் திருப்புங்கள். பத்தூரை முதலில் முடித்து, கீழே வந்து ஒரு இரவு தூங்கி, நிறையத் தண்ணீர் குடித்து, அடுத்த நாள் டைவ் செய்யுங்கள். பிறகு உபுத் போக, அம்லாபுரா வழியாகக் கடலோரச் சாலையைப் பிடியுங்கள், அதிகம் ஏறாமல் தெற்கே இறங்கிவிடலாம். ஓட்டுநர் தூரம் குறைவு என்று கிந்தாமணி வழியைச் சொல்லக்கூடும், கிளம்பும் முன்பே அவரிடம் வழியைப் பேசிவிடுங்கள். அந்தக் குமிழிப் பாதிப்புக்கான மறுஅழுத்தச் சிகிச்சை அறை டென்பசாரில் இருக்கிறது. துலாம்பெனிலிருந்து அது மணிக்கணக்கான சாலைப் பயணம், ஆகவே டைவ் காப்பீட்டின் அவசர எண்ணை இருவர் போனிலும் போட்டுக்கொள்ளுங்கள். டைவ் நடத்துகிறவர்களிடம் ஆக்சிஜன் சிலிண்டரும் முகமூடியும் எங்கே இருக்கின்றன என்று இறங்கும் முன் காட்டச் சொல்லுங்கள்.

---

நீலத்திரை:

பத்தூரை முதல் நாளுக்கு மாற்றிவிட்டோம், ஓட்டுநரிடமும் சொல்லியாயிற்று. மூன்று டைவை இரண்டு நாளாகப் பிரித்தால் இரண்டாம் நாள் விடியலில் ஒன்று செய்யலாம் போலிருக்கிறது. அதற்கு எவ்வளவு ஆழம்?

---

கடற்பஞ்சு:

15 மீட்டருக்குள் வையுங்கள். கிளிமீன்கள் கிளம்பும் பகுதிக்கு அதற்குக் கீழே போக வேண்டியதில்லை, வெளிச்சமும் மேல்பாதியில்தான் முதலில் வரும். டார்ச் ஆளுக்கு ஒன்று, இறங்கும்போது இன்னும் அரையிருட்டாக இருக்கும். உறங்கும் மீன் மேல் நேராக அடிக்காமல் பக்கத்து மணலில் அடியுங்கள். அதற்குப் பிறகு உபுத்தில் அன்றிரவு தங்குவதில் சிக்கல் இல்லை. வடக்கு மலைப் பக்கம் மட்டும் மறுநாள் வரை வேண்டாம்.