14 மாதம் வேலூரில் சிகிச்சை: அம்மாவின் கிரீன் கார்டு இனி செல்லுமா?

குடியாத்தம்_மணி:
வணக்கம். அம்மாவுக்கு 68 வயசு, இந்திய பாஸ்போர்ட். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிட்ட அண்ணன் மனு போட்டு 2021-ல கிரீன் கார்டு கிடைச்சது. கார்டில் 2031 வரை தேதி இருக்கு. ரெண்டு மாசத்தில் திரும்பிடலாம்னு ரிட்டர்ன் டிக்கெட்டோடதான் ஊருக்கு வந்தாங்க. வந்த இடத்தில் பக்கவாதம். வேலூரில் ஐசியூ, அப்புறம் பாகாயத்தில் மறுவாழ்வு சிகிச்சை, நடுவுல வலிப்பு வேற. இப்போ கோல் ஊனி நடக்கிறாங்க, பேச்சு கொஞ்சம் குழறுது. அமெரிக்காவை விட்டுக் கிளம்பி 14 மாசம் ஆச்சு. ரீ-என்ட்ரி பர்மிட் எடுக்கலை.

கார்டில்தான் தேதி இருக்கே, அப்படியே ஃபிளைட் ஏறலாமா? ஒரு ஏஜென்ட் ஐ-131ஏ போட்டால் போதும்கிறார். இன்னொருத்தர் டூரிஸ்ட் விசாவில் போயிட்டு அங்கே பார்த்துக்கலாம்கிறார். எது சரி?

பாலாற்றுமணல்:
இரண்டுமே சரியில்லை மணி.

கார்டில் அச்சிட்ட தேதி வேறு, அந்தக் கார்டைக் காட்டி உள்ளே நுழையும் தகுதி வேறு. வெளியே இருந்தது ஒரு வருடத்துக்குள் என்றால்தான் கிரீன் கார்டு நுழைவு ஆவணமாகும். கணக்கு அமெரிக்காவை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து. ஒரு வருடம் தாண்டினால் ரீ-என்ட்ரி பர்மிட் இருக்க வேண்டும். அதற்கான ஐ-131 படிவத்தை அமெரிக்காவில் இருக்கும்போதுதான் போட முடியும், அதனால் உங்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

ஐ-131ஏ என்பது கார்டைத் தொலைத்தவர்கள், திருட்டுக் கொடுத்தவர்கள் விமானம் ஏறுவதற்கு. அதற்கும் ஒரு வருடத்துக்குள் திரும்புகிறவராக இருக்க வேண்டும், அல்லது கையில் பர்மிட் இருக்க வேண்டும். அம்மாவின் கார்டு தொலையவும் இல்லை, நாளும் தாண்டிவிட்டது. கட்டிய பணம் திரும்ப வராது. டூரிஸ்ட் விசா கேட்டால், நிரந்தரக் குடியிருப்பை விட்டுவிட்டேன் என்று ஐ-407 கொடுத்துவிட்டு வா என்பார்கள். இருப்பதையும் கையால் எழுதிக் கொடுத்துவிடும் யோசனை அது.

ஆனால் 365 நாள் தாண்டியதும் குடியிருப்பு உரிமை தானாக அற்றுப் போகாது. கெட்டது பயண ஆவணம்தான். அதைச் சரிசெய்யும் வழிக்குப் பெயர் எஸ்பி-1, திரும்பும் குடியிருப்பாளர் விசா. விண்ணப்பம் டிஎஸ்-117, கட்டணம் 180 டாலர். அதில் மூன்றைக் காட்ட வேண்டும்: கிளம்பும்போது கிரீன் கார்டு இருந்தது; திரும்பும் எண்ணத்தோடு கிளம்பினார், அந்த எண்ணம் இடையில் விடுபடவில்லை; தங்கல் நீண்டதற்குக் காரணம் அவர் கட்டுக்கு மீறியது, அவர் பொறுப்பில் வந்ததல்ல.

முதலாவது கார்டு நகலோடு முடிந்துவிடும். கேஸ் நிற்பதும் விழுவதும் மற்ற இரண்டில்.

கோட்டை_அகழி:
இவ்வளவு தலைவலி எதுக்கு? பலர் நேரா ஏறிப் போயிடறாங்க. கவுன்டரில் கார்டு தேதியை மட்டும் பார்த்துட்டு போர்டிங் பாஸ் கொடுத்துடுவாங்க. அங்கே இமிகிரேஷனில் ஆஸ்பத்திரி பேப்பரைக் காட்டினால் விட்டுடறாங்க.

பாலாற்றுமணல்:
விடுவதும் உண்டு, மறுக்கவில்லை. நுழைவாயில் அதிகாரிக்கு ஐ-193 மூலம் விசா தேவையைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அது அவர் விருப்பம், நம் உரிமை அல்ல. அவர் மறுத்தால் குடியேற்ற நீதிபதி முன் வழக்கு. அதற்கும் முன்னால் சென்னையிலேயே விமான நிறுவனம் பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்து இறக்கிவிடலாம். சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றினால் அபராதம் அவர்களுக்கு. பேச்சு குழறும் 68 வயது அம்மாவை, இருபது மணிநேரப் பயணம் முடிந்த கையோடு தனி அறையில் விசாரணைக்கு உட்கார வைக்கும் வழியை நான் சொல்லமாட்டேன்.

அப்படிப் போயே தீருவது என்று யாராவது முடிவெடுத்தால், நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடக்கூடாது. ஐ-407 விருப்பப்பட்டுத் தருவது, கட்டாயம் இல்லை. கையெழுத்திட மறுத்தால் நீதிபதி முன் சொல்லும் உரிமை இருக்கிறது. அங்கே உரிமையைக் கைவிட்டார் என்று நிரூபிக்கும் சுமை அரசாங்கத்துடையது. தூதரகத்தில் எஸ்பி-1 கேட்கும்போது நிரூபிக்கும் சுமை நம்முடையது. கோட்டை சொல்லும் வழிக்கு உள்ள ஒரே பலம் அதுதான்.

சத்துவாச்சாரி_வாசி:
மணி, ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பாகாயத்திலிருந்து டிஸ்சார்ஜ் ஆனது எப்போ? அதுக்கும் இன்னிக்கும் நடுவுல என்ன நடந்தது?

குடியாத்தம்_மணி:
டிஸ்சார்ஜ் ஆகி நாலு மாசம் ஆகுதுங்க. அப்புறமும் ஒரு தடவை வலிப்பு வந்து மாத்திரை அளவை மாத்தினாங்க. நியூராலஜி ஓபி போய்ட்டு வந்துட்டிருந்தோம். நடுவுல தங்கச்சி வீட்டில் ஒரு கல்யாணம், அதுக்கும் அம்மா இருக்கட்டும்னு விட்டுட்டோம்.

சத்துவாச்சாரி_வாசி:
அந்த நாலு மாசம்தான் உங்க கேஸ். ஐசியூவில் படுத்திருந்ததை எந்த அதிகாரியும் சந்தேகப்பட மாட்டார். எழுந்து நடமாட ஆரம்பிச்ச பிறகு ஏன் கிளம்பலைன்னுதான் கேட்பார். டிஸ்சார்ஜ் சம்மரியில் "நிலை சீராக உள்ளது, மூன்று மாதம் கழித்து வரவும்" மாதிரி ஒரு வரி இருக்கும். நமக்கு அது மறு செக்கப். அவர் படிக்கிறப்போ, மூணு மாசம் சும்மா இருந்திருக்காங்க, பறந்திருக்கலாமேன்னு ஆகிடும்.

அதனால சம்மரியை மட்டும் நம்பாதீங்க. பார்த்த நியூராலஜி டாக்டர்கிட்ட லெட்டர்ஹெட்டில் தனிக் கடிதம் கேளுங்க. அதில் என்ன நோய், எந்தத் தேதியில் அட்மிஷன், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் நீண்ட விமானப் பயணம் கூடாது, ஏன் கூடாது, எந்தத் தேதியிலிருந்து போகலாம், துணைக்கு ஆள் வேணுமா, அங்கே போய் என்ன சிகிச்சை தொடரணும், இவ்வளவும் வரணும். "இவர் என் சிகிச்சையில் உள்ளார்"னு ஒத்தை வரியில் வாங்கிட்டு வந்தால் பிரயோஜனம் இல்லை. ஓபி நெரிசலில் டாக்டரை நிக்கவெச்சுக் கேட்டால் அந்த ஒத்தை வரிதான் கிடைக்கும். தேதிகளை ஒரு தாளில் எழுதி, ஹாஸ்பிடல் நம்பரோட, பழைய சம்மரி நகலையும் சேர்த்துக் கொடுங்க. மாத்திரை மாத்தின ஓபி சீட்டு, மருந்து பில், ஈஈஜி (மூளை அலைப் பரிசோதனை) ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதி வரிசையில் அடுக்குங்க. மருந்து பில் அற்பமாத் தெரியும், ஆனா இடைவெளியை அடைக்கிறது அதுதான்.

கல்யாணத்தை மறைக்கவும் வேணாம், காரணமாச் சொல்லவும் வேணாம். கேட்டால், ஆமா இருந்தது, அப்போ டாக்டர் பயணத்துக்கு அனுமதி கொடுக்கலைன்னு சொல்லலாம், அது உண்மையா இருந்தால் மட்டும். கடிதத்தில் இருக்கிற தேதியும் வாயில வர்ற தேதியும் ஒத்துப் போகணும்.

அக்கம்பக்கத்தாரிடம் முத்திரைத்தாளில் எழுதி வாங்கி கோர்ட் வாசலில் நோட்டரி போடற வேலை வேணாம். ஆஸ்பத்திரிப் பேப்பர் இருக்கிற இடத்தில் அதுக்கு எடை கிடையாது. தமிழில் இருக்கிற எந்தக் காகிதத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும், சரியா பெயர்த்திருக்கேன்னு பெயர்த்தவர் கையெழுத்தும் வேணும்.

பாலாற்றுமணல்:
சத்துவாச்சாரி சொன்னதோடு இன்னொன்று. நோய் எங்கே வந்தது என்பது முக்கியம். உங்கள் அம்மாவுக்கு இங்கே வந்த பிறகு பக்கவாதம் வந்தது, அது பலம். அமெரிக்காவில் இருக்கும்போதே நோய் தெரிந்து, செலவு குறைவு என்று வேலூருக்கு வந்தவர்களுக்கு "உங்கள் பொறுப்பில் வந்ததல்ல" என்ற பகுதியை நிறுவுவது கடினம்.

திரும்பும் எண்ணத்துக்கு ஆதாரம் அண்ணன்தான் திரட்ட வேண்டும். முதலில் அந்த ரிட்டர்ன் டிக்கெட், அதைத் தள்ளிப்போட்ட அல்லது ரத்து செய்த மின்னஞ்சலோடு. நான் பார்க்கும் வரையில் அதுவே முதல் தரமான காகிதம். அம்மா பெயரில் அங்கே வங்கிக் கணக்கு, மாநில அடையாள அட்டை, மருத்துவக் காப்பீடு, அண்ணன் வீட்டு முகவரிக்கு வந்த கடிதங்கள் இருந்தால் சேருங்கள். வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் அது 1040 படிவமாக இருக்க வேண்டும். யாராவது ஆடிட்டர் 1040-என்ஆர், அதாவது வெளிநாட்டவர் கணக்கு போட்டிருந்தால், நான் அங்கே குடியிருப்பவர் இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. இப்போதே பார்த்துவிடுங்கள்.

சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு நேரே போய் நிற்க வேண்டாம். குடியேற்ற விசா வேலை நடப்பது மும்பையில். தூதரக இணையதளத்தில் திரும்பும் குடியிருப்பாளர் பகுதியைப் படித்து, அவர்கள் சொல்லும் முறையில் டிஎஸ்-117 அனுப்புங்கள். பயணத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னால் தொடங்கச் சொல்கிறார்கள். நேர்காணலுக்கு அம்மாவே வர வேண்டும். பேச்சுக் குறைபாட்டை முன்கூட்டியே எழுதி, துணைக்கு ஒருவரை அனுமதிக்கும்படி கேளுங்கள், டாக்டர் கடிதத்திலும் அது ஒரு வரி வரட்டும்.

குடியாத்தம்_மணி:
ரொம்ப நன்றிங்க. டிஎஸ்-117 ஓகே ஆயிட்டால் அதோட முடிஞ்சுதா?

பாலாற்றுமணல்:
முடியாது, பாதிதான். தகுதி உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகு குடியேற்ற விசாவுக்கு டிஎஸ்-260 நிரப்ப வேண்டும். அதற்கு 205 டாலர். அமெரிக்கக் குடியேற்றத் துறை புதிதாகக் குடியேறுபவர்களிடம் தனியாக வாங்கும் கட்டணம் எஸ்பி-1 காரர்களுக்குக் கிடையாது, யாராவது கேட்டால் கட்டிவிடாதீர்கள்.

போலீஸ் சான்று வேண்டும். பாஸ்போர்ட் சேவா தளத்தில் பிசிசி விண்ணப்பம், கட்டணம் 500 ரூபாய். பாஸ்போர்ட் முகவரியும் இப்போது இருக்கும் முகவரியும் வேறானால் ஸ்டேஷன் விசாரணையில் இழுக்கும்.

மருத்துவப் பரிசோதனை தூதரகம் பட்டியலிட்ட டாக்டரிடம் மட்டும்தான். வேலூர் ரிப்போர்ட் எவ்வளவு பெரிதானாலும் அதற்கு மாற்றாகாது, ஆனாலும் எடுத்துப் போங்கள். அங்கே நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். பழைய டிபி தழும்பு மாதிரி ஏதாவது தெரிந்தால் சளி கல்ச்சர் கேட்பார்கள், அதன் முடிவுக்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு மாதம். முதல்முறை கிரீன் கார்டு வாங்கியபோது எடுத்த எக்ஸ்ரே வீட்டில் கிடந்தால் தேடி எடுங்கள். தழும்பு அன்றைக்கே இருந்தது என்று காட்ட உதவும்.

ஆற்காடு_செல்வி:
குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். அப்பாவுக்கும் கிரீன் கார்டு. இங்கே வந்து எட்டு மாசம் ஆகுது. வாரம் மூணு டயாலிசிஸ். ஒரு வருஷம் ஆகலை, அப்போ பிரச்சினை இல்லைதானே?

பாலாற்றுமணல்:
கார்டு செல்லும், ஆனால் 180 நாள் தாண்டிவிட்டதால் புதிதாக நுழைபவரைப் போலவே அப்பாவைக் கேள்வி கேட்க முடியும். டாக்டர் கடிதத்தைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம். எப்படியாவது ஒரு வருடம் ஆவதற்குள் உள்ளே போய்விடுங்கள். போனதும் ஐ-131 போட்டு, கைரேகை கொடுத்து முடித்துவிட்டால், திரும்ப வேலூர் வர வேண்டியிருந்தாலும் பர்மிட்டை இங்குள்ள தூதரகத்தில் வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். பொதுவாக இரண்டு வருடம் செல்லும், நீட்டிப்பு கிடையாது.

சத்துவாச்சாரி_வாசி:
அக்கா, டிக்கெட் போடறதுக்கு முந்தி அங்கே டயாலிசிஸ் சென்டரில் இடம் உறுதி பண்ணிடுங்க. இங்கே ஒரு டயாலிசிஸ் முடிச்ச மறுநாள் ஃபிளைட், இறங்கின மறுநாள் அங்கே சீட், அந்தக் கணக்கில் வரணும். விமான நிறுவனத்தோட மெடிஃப் படிவத்தை, அதாவது பறக்க உடம்பு தாங்கும்ங்கிற மருத்துவப் படிவத்தை, டாக்டர் நிரப்பிக் கொடுக்கணும். ரொம்ப முன்கூட்டியே வாங்கினால் பழசுன்னு தள்ளிடுவாங்க, பயணத்துக்குக் கிட்டத்தில் வாங்குங்க. அப்புறம் காப்பீடு. 65 வயசு ஆனாலும், வேலை பார்த்து வரி கட்டின கணக்கு இல்லாதவங்க, கிரீன் கார்டோட தொடர்ச்சியா அஞ்சு வருஷம் அங்கே இருந்தால்தான் மெடிகேர்ங்கிற அமெரிக்க அரசுக் காப்பீட்டில் காசு கட்டிச் சேர முடியும். அந்தச் செலவை இப்பவே பேசி வெச்சுக்குங்க.

குடியாத்தம்_மணி:
கடைசியா ஒண்ணு. எஸ்பி-1 மறுத்துட்டால்?

பாலாற்றுமணல்:
அண்ணன் குடியுரிமை பெற்றவர், 21 வயது தாண்டியவர். அவர் அம்மாவுக்காக மறுபடி ஐ-130, அதாவது உறவினர் மனு போடலாம். குடிமகனின் பெற்றோர் என்பதால் வருட ஒதுக்கீட்டு வரிசை கிடையாது, ஆனாலும் முழுவதும் முடிய ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும். வருமானப் பொறுப்பு ஐ-864 படிவத்தை அண்ணன் புதிதாகத் தர வேண்டும். உங்கள் நாலு மாத இடைவெளிக்கு டாக்டர் கடிதம் வலுவாக வரவில்லை என்றால், எஸ்பி-1-இல் மாதங்களைக் கழிக்காமல் நேரே இந்த வழிக்கே போகலாமா என்று அங்குள்ள குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை கேளுங்கள். பழைய கார்டை எப்படி ஒப்படைப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள், அதை ஏஜென்ட் கையில் விடாதீர்கள். பிள்ளைகள் யாரும் குடியுரிமை வாங்காத வீடுகளுக்கு இந்த மாற்றுவழி இல்லை, அவர்கள் எஸ்பி-1-இலேயே முழு மூச்சாக நிற்க வேண்டும்.

அம்மா பிறகு குடியுரிமை கேட்கும் எண்ணம் இருந்தால், எஸ்பி-1-இல் போனாலும் ஒரு வருடம் தாண்டிய இடைவெளி தொடர் குடியிருப்பைத் துண்டித்துவிடும். திரும்பிப் போய் நாலு வருடம் ஆறு மாதம் இருந்துவிட்டு என்-400, அதாவது குடியுரிமை விண்ணப்பம் போடுவது சிக்கல் இல்லாதது. நாலு வருடம் ஒரு நாளிலும் போடலாம், ஆனால் பழைய இடைவெளியின் வால் கணக்கில் வந்து மறுபடி விளக்கம் கேட்பார்கள்.

குடியாத்தம்_மணி:
சரிங்க. ரத்து பண்ணின டிக்கெட் மெயிலை அண்ணன் தேடி எடுத்துட்டார். நியூராலஜி ஓபிக்குத் தேதித் தாளோட போறேன்.

சத்துவாச்சாரி_வாசி:
கடிதம் கையில் வந்ததும் பாஸ்போர்ட் எழுத்தையும் ஆஸ்பத்திரிப் பெயரையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. இனிஷியல் முன்னாடி பின்னாடி இருந்தால் அங்கேயே திருத்தி சீல் வாங்கிட்டு வந்துடுங்க. மும்பைக்கு அனுப்பின பிறகு திருத்தறது ரெட்டை வேலை.