பள்ளியில் அவசரம் வந்த நாள்: உங்கள் அனுபவம்?

ஜெலுத்தோங் அம்மா
பள்ளிச் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற அந்த மதியம். வேன் வராது என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், போன் லாக்கரில். தம்பி போய் கேட்டில் நின்றிருக்கிறான். உள்ளேயிருந்து மகள் "மாமா, மாமா" என்று கத்துகிறாள். ஜாகாவோ (காவலாளி), "பிள்ளையை அழைத்துப்போகிறவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை" என்கிறார். தம்பி இன்றும் அவரைத் திட்டுவான். எனக்குக் கோபமே வரவில்லை. படிவத்தில் இரண்டு பெயருக்கு மட்டும் இடம் விட்டவர்கள் மேல்தான் வந்தது.

செந்தூல் அப்பா
உள்ளே விடுவது இருக்கட்டும், வெளியே விடுவதற்கு? எங்கள் பள்ளித் தீப் பயிற்சியன்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் நின்றிருந்தேன். மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாகத் திடலுக்கு வந்தார்கள், அழகுதான். பின்படிக்கட்டுக் கம்பிக் கதவில் மட்டும் பூட்டு. பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சாவி எங்கே என்றால், அடுத்த கட்டட அலுவலகத்தில். 2017இல் கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் தாஃபிஸ் (குர்ஆன் மனப்பாட) பள்ளித் தீயில் 23 பேர் இறந்துபோனார்கள். ஜன்னலெல்லாம் கம்பி.

புக்கிட் மெர்தாஜாம் தாத்தா
தம்பி, அது வேண்டுமென்றே வைத்த தீ என்று போலீஸ் சொன்னது. பயிற்சியோடு சேர்த்துப் பேசாதீர்கள்.
என் பேரனுக்கு ஆஸ்துமா. புகைமூட்டத்தின்போது ஏபிஐ (காற்று மாசுக் குறியீடு) 200 தாண்டினால்தான் பள்ளி மூடுவார்கள், அவனுக்கோ அதற்கு முன்பே இழுப்பு வந்துவிட்டது. இன்ஹேலர் பையில், பை மாடி வகுப்பில், பிள்ளை கேன்டீனில்.
அதனால் பெற்றோர்கள் கவனியுங்கள். மருந்தைப் பையின் அடியில் போடாதீர்கள், முன் ஜிப்பில் போடுங்கள், மேலே பெயரும் வகுப்பும் ஒட்டுங்கள். பிள்ளைக்கு அம்மா போன் எண் மனப்பாடமாகத் தெரிய வேண்டும், போனில் சேமித்திருப்பது உதவாது. 999 அழைத்தால் பள்ளிப் பெயரோடு சாலைப் பெயரும் சொல்லப் பழக்குங்கள். வெளியூர் உறவினர் ஒருவரை எல்லோரும் அழைத்துச் சொல்லும் ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் எல்லோரும் காரோடு கேட்டுக்கு ஓடாதீர்கள், பொம்பா (தீயணைப்பு) வண்டி எப்படி நுழையும்? அப்புறம், காலையில் பசியாறாமல் அனுப்பாதீர்கள்.

செந்தூல் அப்பா
யார் வைத்த தீயானாலும் பூட்டு திறக்க வேண்டும், ஐயா. பசியாறல் எங்கிருந்து வந்தது?

கெப்போங் அக்கா
தாத்தா சொல்வது சரி, ஆனால் எங்கள் பள்ளியில் மருந்தை ஆசிரியர் வாங்கி வைக்கவே மாட்டேன் என்கிறார். பிள்ளைக்கு ஏழு வயது, தானே வைத்துக்கொள்ளத் தெரியாது. டாக்டர் கடிதம் கொடுத்தால் வாங்குவார்களா? யாருக்காவது நடந்திருக்கிறதா?