கலைச்சொல்: ரோமானிய 'டிக்டேட்டர்' சர்வாதிகாரியா?

வணக்கம் நண்பர்களே,

மாணவர்களுக்கான ரோம வரலாற்றுக் கட்டுரை ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். "பொ.ஆ.மு. 44 பிப்ரவரியில் ஜூலியஸ் சீசர் நிரந்தர சர்வாதிகாரி ஆனார்; மார்ச் 15 அன்று கொல்லப்பட்டார்" என்று ஒரு வரி. படிக்கிற பிள்ளைக்கு இதில் என்ன புரியும்? சர்வாதிகாரி என்றாலே நிரந்தரம்தானே என்று கடந்துபோகும்.

ரோமில் அது சட்டப்படியான பதவி. வழக்கமாக ஆட்சி கான்சல்கள் எனப்படும் இரண்டு தலைமை ஆட்சியாளர்களிடம், ஓராண்டுக்கு. ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். போர் நெருக்கினால் செனட் என்ற ஆலோசனை அவையின் சொற்படி கான்சல் ஒருவர் ஒரே ஆளை டிக்டேட்டராக அறிவிப்பார். மிஞ்சிப்போனால் 6 மாதம். வேலை முடிந்தால் அதற்கு முன்பே விலகிவிடுவதுதான் மரபு. பொ.ஆ.மு. 202க்குப் பிறகு வழக்கொழிந்து கிடந்த இந்தப் பதவியை 82இல் படைத்தலைவர் சுல்லா காலவரம்பே இல்லாமல் எடுத்துக்கொண்டார்; பிறகு தாமே துறந்தார்.

சீசர் 49இல் தேர்தல் நடத்துவதற்காக ஏற்று 11 நாளில் விட்டார். பார்சாலஸ் போரில் தம் எதிரி பாம்பேயை வென்றபின் 48இல் மறுபடி. தாப்சஸ் போர் வெற்றிக்குப் பின் 46இல் 10 ஆண்டுக்கு. கடைசியில் 44இல் முடிவே இல்லாமல். இந்தக் கால நீட்சியில்தான் அவருடைய ஏற்றமும் வீழ்ச்சியும் இருக்கின்றன. நம் சொல் அதை மறைக்கிறது.

'இடராணையர்' எனலாமா?

---

> 'இடராணையர்' எனலாமா?

ஐயா, கேட்டதும் பேரிடர் மேலாண்மை அலுவலகம்தான் நினைவுக்கு வருகிறது. வெள்ள நிவாரணம் கொடுப்பவர் போல இருக்கிறது. மேலும், 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில், போராட்டத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றவர்களைச் 'சர்வாதிகாரி' என்றே அழைத்தார்கள். ஒருவர் சிறைக்குப் போனால் அடுத்தவர் அந்தப் பொறுப்புக்கு வருவார். ரோமானியப் பொருளுக்கு வெகு அருகில் நம்மிடமே இருந்த சொல்லை ஏன் விடவேண்டும்?

---

1938 வழக்கை நினைவூட்டியதற்கு நன்றி அம்மா. ஆனால் அந்தப் பொருள் இன்று யார் காதிலும் விழாது. ஹிட்லரும் முசோலினியும் அந்தச் சொல்லை முழுதாக எடுத்துக்கொண்டார்கள். அடிக்குறிப்பு போட்டுத்தான் அதை மீட்க வேண்டும். பாடப் பகுதியில் அது தாங்காது.

இடராணையரைக் கைவிடுகிறேன். 'தனியாணையர்' எப்படி? இருவர் பகிர்ந்த ஆணையுரிமை ஒருவரிடம் வந்து சேர்வது அதில் தெரிகிறது. 'நிரந்தரத் தனியாணையர்' என்று எழுதும்போது, தற்காலிகப் பதவிக்கு எங்கிருந்து வந்தது நிரந்தரம் என்ற கேள்வி எழும். சீசரைக் கொன்ற புரூட்டஸும் காசியஸும் கத்தி எடுத்ததற்கு அந்தக் கேள்வியும் காரணம். சீசர் இறந்த சில மாதங்களுக்குள், அவர் ஆதரவாளரான ஆண்டனியே அந்தப் பதவியைச் சட்டம் போட்டு ஒழித்தார் என்பதையும் கட்டுரையில் சேர்க்கப்போகிறேன்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். தனியாணையருக்கு அடுத்த நிலையில் இருப்பவருக்குக் 'குதிரைப்படைத் தலைவர்' என்றே வைத்திருக்கிறேன்.