பதில்: ‘உடனடித் தொகுப்பு’ இடிக்கிறது

அண்ணா, வணக்கம். நம் கணினிக் கலைச்சொல் பட்டியலுக்கு நீங்கள் அனுப்பிய இரண்டு சொற்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். நிரலை இயந்திரமொழிக்கு மாற்றுவது தொகுப்பு (கம்பைலேஷன்). அதை நிரல் ஓடும்போதே செய்தால் ஜஸ்ட்-இன்-டைம், ஓடுமுன்பே செய்து வைத்தால் அஹெட்-ஆஃப்-டைம்.

> ஜஸ்ட்-இன்-டைம் கம்பைலேஷன் – உடனடித் தொகுப்பு
> அஹெட்-ஆஃப்-டைம் கம்பைலேஷன் – முன்தொகுப்பு

முன்தொகுப்பில் எனக்கு மறுப்பில்லை. (புணர்ச்சி விதி பார்க்கிறவர்கள் ‘முற்றொகுப்பு’ என்று திருத்த வருவார்கள். படிப்பவருக்கு முற்றுகைதான் நினைவுக்கு வரும்.) ‘உடனடி’தான் இடிக்கிறது.

ஆபீஸ் பேன்ட்ரியில் கிடக்கும் 3-இன்-1 பொட்டலத்தை நினைத்துப் பாருங்கள். வெந்நீர் ஊற்றினால் கோப்பி. வேலையெல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டதால்தான் அது உடனடி. அதாவது நம் கணக்குப்படி முன்தொகுப்பு! கீழே கோப்பிக்கடை அங்கிள், நாம் கேட்டபிறகு துணி வடிகட்டியில் ஊற்றி, கண்டென்ஸ்டு மில்க் கலக்கித் தருகிறாரே, அதுதான் ஜஸ்ட்-இன்-டைம்.

நிரலிலும் இதே கதைதான். முன்தொகுத்தது எடுத்ததும் ஓடும். மற்றது தொடக்கத்தில் கொஞ்சம் மந்தம். ஜாவா நிரல்களை ஓட்டும் ஹாட்ஸ்பாட் என்ற மென்பொருள், முதலில் பைட்கோடை (நிரலுக்கும் இயந்திரமொழிக்கும் இடைப்பட்ட வடிவம்) கட்டளை கட்டளையாகப் படித்து ஓட்டுகிறது. எந்தச் செயற்கூறு (ஃபங்ஷன்) திரும்பத் திரும்ப அழைக்கப்படுகிறது என்று எண்ணிக்கொண்டே இருந்து, சூடேறியதை மட்டும் இயந்திரமொழிக்கு மாற்றுகிறது. இப்படிப் பொறுத்திருந்து பார்த்துச் செய்கிற வேலைக்கு ‘உடனடி’ என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். ஆங்கிலப் பெயரிலும் அந்தப் பொருள் இல்லை. டொயோட்டா ஆலையில் உதிரிப்பாகம் தேவைப்படும் நேரத்துக்குச் சரியாக வந்து சேரும் முறைக்கும் அதே பெயர்தான்.

உங்கள் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். நான் எழுதும் டார்ட் மொழியில், செயலிகள் உருவாக்கும் பிளட்டர் கருவித்தொகுதியில் வேலை செய்யும்போது ஒரு வரியை மாற்றிச் சேமித்தால் திரையில் உடனே தெரிகிறது. அது ஜஸ்ட்-இன்-டைம் செய்யும் வேலை. செயலியை வெளியிடும்போது முன்தொகுப்புக்கு மாறிவிடுவோம். ஐபோனில், ஓடும்போது புதிதாக இயந்திரமொழி உண்டாக்கப் பொதுவாகச் செயலிகளுக்கு அனுமதி இல்லை. வேறு வழியும் கிடையாது.

ஆண்ட்ராய்டு இரண்டையும் பார்த்துவிட்டது. 2014-ல் 5-ஆம் பதிப்பில், நிறுவும்போதே எல்லாவற்றையும் தொகுத்தார்கள். சிஸ்டம் அப்டேட் போட்டால் செயலிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போன் நிற்குமே, அந்தக் காலம். 2016-ல் 7-ஆம் பதிப்பில் கலந்துவிட்டார்கள்: ஓடும்போது கொஞ்சம், சார்ஜில் சும்மா கிடக்கும்போது அதிகம் பயன்பட்டதை மட்டும்.

எப்போது தொகுக்கிறோம் என்பதுதான் வேறுபாடு. அதனால் ‘ஓட்டத்தொகுப்பு’ எப்படி?

*

தம்பி,

பொட்டலத்தை வைத்து மடக்கிவிட்டாய். சரி, உடனடி போகட்டும். ஆனால் ‘ஓட்டத்தொகுப்பு’ என்றால் கிரிக்கெட் ஸ்கோர் போலல்லவா இருக்கிறது? ரன்டைமுக்கு ‘ஓடுநேரம்’ என்று முன்பே பேசி வைத்திருக்கிறோம். ‘ஓடுநேரத் தொகுப்பு’ என்று நீட்டினால் எனக்குச் சம்மதம். சனிக்கிழமை தோ பாயோவில் நடக்கும் வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார். பிள்ளைகள் வாயில் ஒட்டுவதைப் பட்டியலில் போடுவோம்.

அப்புறம், ‘முற்றொகுப்பு’ என்று திருத்த வர இருந்தவன் நான்தான். விட்டுவிட்டேன்.