திருகோணமலையிலிருந்து வானியல் படிக்க எந்தப் பட்டத்துக்கு விண்ணப்பிப்பது?

நிலாவெளி மாணவி:

வணக்கம். சாதாரண தரப் பெறுபேறு வந்துவிட்டது, உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்கப் போகிறேன். வானியலைப் பொழுதுபோக்காக அல்ல, படிப்பாகவும் தொழிலாகவும் கொண்டுபோக வேண்டும் என்பது என் முடிவு. பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைப் புரட்டிப் பார்த்தேன். வானியல் என்று ஒரு பாடநெறியும் கண்ணில் படவில்லை. அப்படியென்றால் எதற்கு விண்ணப்பிப்பது? இரசாயனவியல் எனக்கு அவ்வளவு ஓடாது, அது தேவைதானா? தமிழ் மொழிமூலம் படிப்பது பின்னால் இடிக்குமா? வெளிநாட்டில் முதல் பட்டம் செய்ய வீட்டில் வசதியில்லை. தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கோ.

உவர்மலை வாத்தியார்:

பிள்ளை, எங்கட அரச பல்கலைக்கழகங்களில் வானியல் தனி முதல் பட்டமாக இல்லை. கைநூலில் நீங்கள் தேட வேண்டிய பெயர் பௌதிக விஞ்ஞானம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு என்று பல இடங்களில் இருக்கிறது. இதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். உலகம் முழுக்க வானியலாளர்களில் பெரும் பகுதியினர் பௌதிகவியலில் முதல் பட்டம் எடுத்து, பிறகுதான் வானியலுக்குப் போனவர்கள். நட்சத்திரத்தின் உள்ளே நடப்பது வெப்ப இயக்கவியல், அதன் நிறமாலை குவாண்டம், அதன் பாதை பொறியியக்கவியல். இந்த மூன்றும் கைவசம் இருந்தால் வானியல் பாடங்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். மறுவளமாகப் போவதுதான் கஷ்டம்.

இரசாயனவியலைக் கைவிடலாம் என்ற எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கோ. இசட் புள்ளி மூன்று பாடங்களினதும் சராசரி. இணைந்த கணிதத்தில் கஷ்டப்பட்டு ஏற்றும் அரைப் புள்ளியை இரசாயனவியல் சத்தமில்லாமல் இறக்கிவிடும். வானியலுக்கு அது நேரடியாக எவ்வளவு தேவை என்பது வேறு கதை, வாசலைத் திறக்க அது வேண்டும். மூன்றிலும் சித்தி இல்லையென்றால் மற்ற இரண்டிலும் எடுத்த ஏ கைகொடுக்காது.

விஞ்ஞானப் பாடநெறிகளுக்கான இடங்கள் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்று பிரிக்கப்படுகின்றன. அந்த 16 மாவட்டங்களில் எங்கட திருகோணமலையும் ஒன்று. ஆகவே கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், எங்கட மாவட்ட நிரலை மட்டும் பாருங்கோ. விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை உண்மையான விருப்பப்படியே போடுங்கோ. 'கிடைக்காது' என்று நினைத்து கீழே தள்ளின தெரிவு, வெட்டுப்புள்ளி வந்த பிறகு மேலே வராது.

உள்ளே போன பிறகுதான் முக்கியமான இடம் வருகிறது. முதலாம் வருடத்தில் பாடச் சேர்க்கை கேட்பார்கள். பௌதிகவியலோடு தூய கணிதம், பிரயோக கணிதம் எடுங்கோ. அது அமையாவிட்டால் ஒரு கணிதத்தோடு கணினி விஞ்ஞானம். கணிதம் இல்லாத சேர்க்கையில் போய்விட்டு மூன்றாம் வருடத்தில் குவாண்டம் பொறியியக்கவியலைத் தொடும்போது நேரியல் அட்சரகணிதமும் பகுதி வகையீட்டுச் சமன்பாடும் இல்லாமல் திணறுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. பொதுப் பட்டம் மூன்று வருடம், 90 திறமைப் புள்ளிகள் (கிரெடிட்). கௌரவ (ஹொனர்ஸ்) பட்டம் நான்கு வருடம், 120. உங்களுக்கு வேண்டியது நான்கு வருடம். அதற்கான தெரிவு பெரும்பாலும் முதல் இரண்டு வருடப் பெறுபேற்றில்தான் நடக்கும், இடங்களும் குறைவு. முதலாம் வருடத்தைப் பழகும் வருடம் என்று எடுத்தால் அங்கேயே வழுக்கிவிடும்.

தமிழ் மொழிமூலம் பற்றி: ஆர்முடுகல், உந்தம், சடத்துவத் திருப்பம், தொகையீடு எல்லாம் உங்களுக்குத் தெளிவாகத் தெரியும், அந்த அறிவு எங்கேயும் போகாது. விரிவுரை மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். இப்போதிருந்தே ஒரு கொப்பியை இரண்டாகக் கோடு போட்டு, இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று அலகு அலகாக எழுதி வாருங்கோ. உயர்தரம் முடிந்து கம்பஸ் தொடங்கும் வரை கிடைக்கும் மாதங்களில் ஆங்கிலப் பௌதிக நூல் ஒன்றை, கணக்குகளைச் செய்து செய்து வாசித்தால் போதும்.

ஆய்வு மாணவன்:

வாத்தியார் சொன்னதோடு பணக் கணக்கையும் சேர்க்கிறேன், வீட்டு வசதி பற்றி நீங்கள் கேட்டபடியால்.

வெளிநாட்டில் முதல் பட்டத்துக்கு முழுப் பணமும் தரும் புலமைப்பரிசில் மிகக் குறைவு. கலாநிதிப் படிப்பு அப்படியல்ல. அமெரிக்காவில் பௌதிகவியல், வானியல் கலாநிதி மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணம் தள்ளுபடி, கற்பித்தலுக்கோ ஆய்வுக்கோ மாதக் கொடுப்பனவு என்பதுதான் வழமை. ஆகவே இங்கே இலவசமாக நான்கு வருடத்தை முதல் வகுப்போடு, அதாவது 3.70 தரப்புள்ளிச் சராசரியோடு முடித்துவிட்டு வெளியே போவதுதான் கையைக் கடிக்காத பாதை. மூன்று வருடப் பட்டத்தோடு நேரே கலாநிதிக்குப் போக முயன்றால் பல இடங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு வரும் நான்காம் வருட ஆய்வறிக்கைதான் விண்ணப்பத்தில் பேசும்.

இந்தியாவைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் விஞ்ஞான முதல் பட்டத்துக்கும் இலங்கை மாணவர்களுக்குக் கிடைக்கும், கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவித்தலைக் கவனித்துக்கொள்ளுங்கோ. திருவனந்தபுரத்து விண்வெளி விஞ்ஞான நிறுவனத்தின் முதல் பட்டம் இந்தியப் பிரஜைகளுக்கு மட்டும். கொடைக்கானல், காவலூர் என்று வானாய்வு நிலையங்களின் பெயர் கேட்டு ஆசைப்படுவீர்கள். 2.34 மீற்றர் தொலைநோக்கி உள்ள காவலூர் ஆய்வு நிலையம், முதல் பட்டம் தரும் இடமல்ல.

உள்நாட்டில் பெரிய கருவி என்றால் மொரட்டுவை கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தின் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி. 1996இல் ஜப்பான் அன்பளிப்பாகக் கொடுத்தது. நான்காம் வருட ஆய்வுக்கு அங்கே அவதானிக்க முடியுமா என்று மேற்பார்வையாளர் ஊடாக நேரத்தோடு கேட்க வேண்டும். (1956இல் கோணேசர் மலையடிக் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டவர்களில் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளரான அந்தக் கிளார்க்கும் ஒருவர். எங்கட ஊருக்கு அந்த மனிதர் அந்நியமில்லை.)

நிலாவெளி மாணவி:

இரண்டு பேருக்கும் மெத்தப் பெரிய நன்றி. இரசாயனவியல் ரியூசனுக்கு நாளைக்கே பெயர் கொடுக்கிறேன். இன்னொன்று: இப்போதே தொலைநோக்கி வாங்க வேண்டுமா? மாமா ஒன்று அனுப்புகிறேன் என்கிறார்.

குச்சவெளி வான்பார்வை:

மாமாவிடம் 10க்கு 50 (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீற்றர் வில்லையுள்ள) இருகண் நோக்கி ஒன்று கேளுங்கோ தங்கச்சி. மலிவான தொலைநோக்கியில் பழுதாவது வில்லையல்ல, தாங்கி. நிலாவெளிக் கடற்காற்றில் மெலிந்த முக்காலி நடுங்கிக்கொண்டே இருக்கும், வியாழன் கண்ணுக்குள் துள்ளும். உப்புக் காற்று கண்ணாடியின் அலுமினியப் பூச்சையும் தின்றுவிடும். எதை வாங்கினாலும் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கோ.

அந்த இருகண் நோக்கியோடு ஒரு உண்மையான அளவீட்டைச் செய்யலாம். கழுகு உடுத்தொகுதியில் ஈட்டா அக்குயிலே என்று ஒரு மாறும் நட்சத்திரம் இருக்கிறது. 1784இல் எட்வர்ட் பிகொட் கண்டறிந்தது. 7.177 நாளுக்கு ஒருமுறை, ஏறத்தாழ 3.5 தொடக்கம் 4.3 வரை ஒளிப்பருமன் ஏறி இறங்கும் (ஒளிப்பருமன் என்பது பிரகாசத்தின் அளவு, எண் கூடினால் மங்கல்). நாங்கள் 8.6 பாகை வடக்கில் இருப்பதால் அதே தொகுதியின் பிரகாசமான நட்சத்திரமான திருவோணம் எங்கட தலைக்கு நேரே கடக்கும். ஈட்டா அதற்கு எட்டுப் பாகை தெற்கே. செப்டெம்பரில் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு உச்சியில் நிற்கும். அவ்வளவு உயரத்தில் வளிமண்டலம் ஒளியைக் குடிப்பது குறைவு, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிடும்போது பிழையும் குறையும்.

ஒப்பீட்டுக்கு பீட்டா அக்குயிலே 3.7, ஐயோட்டா அக்குயிலே 4.4. ஈட்டா பீட்டாவை விட மங்கல், ஐயோட்டாவை விடப் பிரகாசம், இடைவெளியை ஐந்தாகப் பிரித்தால் பீட்டாவிலிருந்து இரண்டாவது படி என்று தோன்றினால், 0.7இல் ஐந்தில் இரண்டு 0.28. ஆகவே 3.98, பதிவது 4.0. பீட்டாவை விடப் பிரகாசமான இரவுகளுக்கு டெல்ட்டா அக்குயிலே, 3.4, வேண்டும். முதல் நாள் எழுதியதைப் பார்க்காமல் எழுதுங்கோ. பார்த்தால் கண் அந்த எண்ணின் பக்கம் சாயும்.

ஏழு நாளுக்குப் பிறகு அதே மணிக்குப் பார்த்தால், சுற்று முடிய இன்னும் 0.177 நாள் மிச்சம். ஒவ்வொரு கிழமையும் அந்தளவு தள்ளித் தள்ளி இடைவெளிகள் நிரம்ப ஆறு கிழமை எடுக்கும். பத்து நாளில் ஒளிப்பருமன் ஏறி இறங்கும் வரைபு வரவில்லை என்று நிறுத்துபவர்கள் அதிகம். நேரத்தில் வரும் பிழை இன்னொன்று: ஜூலியன் நாள் (வானியலாளர் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் முறை) உலக நேர நண்பகலில்தான் மாறும். எங்கட இரவு எட்டு மணி உலக நேரம் 14.30, ஆகவே பின்னம் .104. விடிய நாலு மணிக்குப் பார்த்தால் உலக நேரம் முதல் நாள் 22.30. திகதியை மாற்றி எழுதினால் ஒரு முழு நாள் பிழை, ஏழு நாள் வட்டத்தில் அது வரைபைக் குலைத்துவிடும்.

நிலாவெளி மாணவி:

ஒக்டோபரிலிருந்து மழை பிடித்துவிடுமே அண்ணா, அப்போது?

குச்சவெளி வான்பார்வை:

அந்த மாதங்கள் பைத்தன் என்ற கணினி நிரல்மொழிக்கு. நட்சத்திரங்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த ஐரோப்பிய விண்கலமான கையாவின், 2022 ஜூனில் வந்த மூன்றாம் தரவு வெளியீடு இலவசம். கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றி இரண்டு பாகைக்குள் உள்ள நட்சத்திரங்களை இறக்கி, இடமாறு (பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரம் இடம் மாறித் தெரியும் சிறு கோணம், தூரம் கூடினால் குறையும்) 7.4 மில்லி ஆர்க்செக்கனுக்குக் கிட்ட உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கோ. அதோடு வருடத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 20, தெற்கே 45 மில்லி ஆர்க்செக்கன் நகர்பவை என்று வடிகட்டினால் கூட்டத்தைச் சேராதவை பெரும்பாலும் கழிந்துவிடும். தனி ஒளிப்பருமனுக்கு (எல்லா நட்சத்திரங்களையும் ஒரே தூரத்தில் வைத்தால் தெரியும் பிரகாசம்), தோற்ற ஒளிப்பருமனோடு, மில்லி ஆர்க்செக்கனில் உள்ள இடமாறின் பத்தடி மடக்கையை ஐந்தால் பெருக்கிக் கூட்டி, பத்தைக் கழியுங்கோ. பத்தாம் ஒளிப்பருமன் நட்சத்திரத்துக்கு 4.35 வர வேண்டும், சூரியனுக்குக் கிட்ட. 19.35 வந்தால் மில்லி ஆர்க்செக்கனை ஆர்க்செக்கன் என்று எடுத்துவிட்டீர்கள், பிழை சரியாக 15.