மூணு போட்டுக்கு ஒரு கட்டம்: ஆப்ஜெக்ட் டிடெக்ஷனில் பட்ட அனுபவங்கள்

காசிமேட்டுக்காரன்:
போன வருடம் காசிமேடு துறைமுகத்தில் படகு எண்ணும் வேலை ஒன்று கிடைத்தது. மொட்டைமாடியில் ஒரு கேமரா. கரையில் எத்தனை விசைப்படகு நிற்கிறது என்று அரை மணிக்கு ஒருமுறை சொன்னால் போதும். பிப்ரவரியில் படம் பிடித்து, படத்தில் இருக்கும் பொருள்களைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் (பாக்ஸ்) போடும் யோலோ மாடலை டிரெயின் பண்ணி ஓட்டினேன். நான் விரல்விட்டு எண்ணியதற்கும் அது சொன்னதற்கும் ஒன்றிரண்டுதான் வித்தியாசம். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 15 வந்தது, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. கடலில் இருந்த படகெல்லாம் கரைக்கு வந்து ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நின்றன. துறைமுகத்தில் தண்ணீரே தெரியவில்லை. மாடல் சொன்ன கணக்கு மட்டும் மார்ச்சைவிடக் கொஞ்சம்தான் கூடியிருந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த எங்கள் சித்தப்பா லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாப்பா, மூணு போட்டுக்கு ஒரு கட்டம் போட்டு வச்சிருக்க?"

டிரெயினிங்கில்தான் கோளாறு என்று இரண்டு நாள் வீணாக்கினேன். அப்புறம் வடிகட்டுவதற்கு முந்தைய பாக்ஸ்களை அப்படியே வரைந்து பார்த்தால், எல்லாப் படகுமே அதில் இருக்கிறது! மாடல் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது, தூக்கி எறிந்தது என்.எம்.எஸ் (நான்-மேக்ஸிமம் சப்ரஷன்) என்ற வடிகட்டி. ஒரே படகுக்கு மாடல் ஏழெட்டு பாக்ஸ் போடும் அல்லவா? அதில் அதிக ஸ்கோர், அதாவது மாடலுக்கு அதிக நம்பிக்கை, உள்ளதை வைத்துக்கொண்டு, அதன்மேல் அதிகமாகப் படியும் மற்றவற்றை நீக்குவதுதான் அதன் வேலை. எவ்வளவு படிகிறது என்பதை ஐஓயு சொல்லும்: இரண்டுக்கும் பொதுவான பரப்பை, இரண்டும் சேர்ந்து அடைக்கும் பரப்பால் வகுக்க வேண்டும்.

என் கேமராவுக்குப் படகுகள் சாய்வாகத் தெரிகின்றன. சாய்ந்த படகை நேர்க் கட்டத்துக்குள் அடைத்தால் பக்கத்துப் படகும் பாதி உள்ளே வந்துவிடும். ஒரு ஜோடியை அளந்தேன். இரண்டு பாக்ஸும் 300க்கு 200 பிக்சல், ஒன்றைவிட மற்றது பக்கவாட்டில் 60 பிக்சல் தள்ளி இருக்கிறது. பொதுப் பரப்பு 48,000, மொத்தம் 72,000. ஐஓயு 0.67. இதைத் தாண்டிப் படிந்தால் நீக்கு என்று நான் வைத்திருந்த எல்லை, அதாவது த்ரெஷோல்ட், 0.5. நிஜப் படகு ஒன்று நகல் என்று கழிந்துபோனது இப்படித்தான்.

0.7க்கு ஏற்றினேன். அந்த ஜோடி பிழைத்தது. ஆனால் வேறு சில படகுகளுக்கு இரட்டைக் கட்டம் வந்தது. குறைத்தால் படகு போகிறது, ஏற்றினால் பேய்ப் படகு வருகிறது. கடைசியில் 2017இல் வந்த சாஃப்ட்-என்.எம்.எஸ் முறைக்குப் போனேன். அது பாக்ஸை ஒரேயடியாக நீக்காமல், படியும் அளவுக்கு ஸ்கோரை மட்டும் குறைக்கிறது. 0.88 வாங்கிய பக்கத்துப் படகு 0.29க்கு இறங்கியது, இதற்குக் கீழே ஸ்கோர் இருந்தால் கணக்கில் சேர்க்காதே என்று நான் வைத்திருந்த 0.25 வெட்டைத் தாண்டிவிட்டது. 0.9 அளவுக்குப் படிந்த உண்மையான நகல் 0.085க்கு விழுந்து ஒழிந்தது. நூலிழைதான், ஆனாலும் வேலை செய்தது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
அண்ணா, என்னுடையது அவமானக் கதை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும் படங்கள். மேல் இடது மூலையில் இருக்கும் லாரிகள் எல்லாம் சரியாக வரும். கீழ் வலதில் பத்து நின்றால் ஒன்றுதான் மிஞ்சும். லென்ஸில் தூசி என்று நினைத்துத் துணி எடுத்துக்கொண்டு கம்பத்தில் ஏறித் துடைத்தேன், வெயிலில்!

நான் வடிகட்டப் பயன்படுத்திய ஓபன்சிவி லைப்ரரியின் என்எம்எஸ்பாக்ஸஸ் ஃபங்ஷன், ஒவ்வொரு பாக்ஸுக்கும் இடது மேல் மூலை, அகலம், உயரம் என்று கேட்கிறது. நான் கொடுத்தது இரண்டு மூலைகளின் புள்ளிகள். 900, 600இல் தொடங்கி 1000, 700இல் முடியும் சின்ன லாரியை அது 1000 அகலம், 700 உயரம் என்று எடுத்துக்கொண்டது. மூலையைவிட்டுத் தள்ளிப் போகப்போக பாக்ஸ் ஊதிப்போய், பக்கத்து லாரிகளையெல்லாம் விழுங்கிவிட்டது. எர்ரரே வராது, அதுதான் கொடுமை.

மீன்பாடி:
எனக்கு நேர் எதிர். வண்ணாரப்பேட்டையில் வண்டி எண்ணிக்கை எடுத்தபோது ஒரே மீன்பாடி வண்டிக்கு (பைக் எஞ்சின் பூட்டிய மூன்று சக்கரச் சரக்கு வண்டி) ஆட்டோ என்று ஒரு கட்டம், பைக் என்று ஒரு கட்டம். த்ரெஷோல்டை எவ்வளவு இறக்கியும் இரண்டும் போகவில்லை. வகைவாரியாக வடிகட்டினால் ஆட்டோவும் பைக்கும் ஒன்றையொன்று தொடாது என்பது அப்போதுதான் உறைத்தது. வகை பார்க்காமல் வடிகட்டச் சொன்னேன், சரியானது. மறுநாள் பார்த்தால் பைக் ஓட்டுகிறவர்களில் சிலரைக் காணோம், அவர்கள் பாக்ஸை பைக்கின் பாக்ஸ் தின்றுவிட்டது! இப்போது வண்டிகளுக்குள் மட்டும் சேர்த்து வடிகட்டுகிறேன், ஆட்கள் தனி.

தண்டையார்பேட்டை அக்கா:
தம்பிகளா, 2024இல் வந்த யோலோவி10 இந்த வடிகட்டலே இல்லாமல் ஓடுகிறதே, பார்க்கவில்லையா?

காசிமேட்டுக்காரன்:
பார்த்தேன் அக்கா. கருவி பழையது, மாற்றப் பணம் தரமாட்டேன் என்றார்கள். அதனால் சாய்வுக் கட்டத்துக்குப் போய்விட்டேன், யோலோவி8இல் அதற்கென்றே ஓபிபி மாடல் இருக்கிறது. படகின் சாய்வுக்கே கட்டமும் சாய்வதால் பக்கத்துப் படகோடு அதிகம் படிவதில்லை, 0.5ஏ போதுமாக இருக்கிறது. எல்லாப் படங்களுக்கும் திரும்பக் கட்டம் வரைந்ததில்தான் மணிக்கட்டு வீங்கிவிட்டது. பாதியை சித்தப்பாதான் வரைந்து கொடுத்தார். தடைக்காலம், வேலை இல்லை என்றார்.