புதுப்பிப்பு: தொடை இடுக்கு அரிப்பு, எது பலன் தந்தது

யாங்கூன் மழை தொடங்கியதும் தொடை இடுக்கில் வட்டமாகச் சிவந்து அரிக்கிறது, கடையில் கொடுத்த களிம்பு போட்டால் அடங்கி மறுபடி பரவுகிறது என்று கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறதா பாருங்கள்" என்று ஒரு அண்ணன் எழுதியதுதான் கைகொடுத்தது. டியூபைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு! அது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும். பூஞ்சை பாட்டுக்குப் பரவும். தோல் டாக்டர் இது பூஞ்சையால் வரும் படர்தாமரைதான் என்று சொல்லி அந்தக் களிம்பை நிறுத்தினார். அதற்குப் பதில் 1 சதவீத குளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக்கொல்லிக் களிம்பு, தினம் இரண்டு வேளை, சிவப்பின் விளிம்பைத் தாண்டியும் பூச வேண்டும். தடம் மறைந்த பிறகும் 2 வாரம் விடக்கூடாது.

எதிர்பாராதது என் கால்தான். விரலிடுக்கில் இருந்த சேற்றுப்புண்ணும் அதே பூஞ்சையாம். ஜட்டி போடும்போது பாதத்திலிருந்து மேலே ஏறுகிறது. அங்கேயும் பூசினேன். முதலில் சாக்ஸ், அப்புறம் ஜட்டி என்றார் டாக்டர். சிரிப்பு வந்தாலும் அப்படியே செய்கிறேன்.

பதிலில் வந்த வாசனைப் பவுடர் யோசனை எனக்கு உதவவில்லை. குளித்ததும் நன்றாகத் துடைத்து, வீட்டில் கைலியோடு இருப்பது உதவியது. அடிக்கடி திரும்பி வந்தால் சர்க்கரையும் பார்க்க வேண்டுமாம்.